வழிநடத்திய பிரசங்கியாரின் நினைவைத் தொகுப்பது: கேசட் முதல் நினைவு மலர் வரை

நினைவு மலர் போடலாம் என்று முடிவானதும் வழக்கமாக நடப்பது இது: தெரிந்த பத்துப் பேரிடம் கட்டுரை கேட்பார்கள். பத்துப் பேரும் "தாழ்மையுள்ளவர், ஜெபவீரர், இரக்கமுள்ளவர்" என்று எழுதித் தருவார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அட்டையில் பெயரை மாற்றினால் அதே மலர் வேறொரு போதகருக்கும் பொருந்திவிடும். உங்கள் பிரசங்கியார் யோவான் 15-ஐ எப்படிப் பிரித்துப் பேசுவார், மாணவரின் முதல் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு எந்த வரியைத் திருத்தினார், சனிக்கிழமை இரவு எப்படிக் குறிப்பு எழுதினார் என்பதெல்லாம் அதில் இருக்காது. புகழ்ச்சியை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். குரலும் கையெழுத்தும் வேலை செய்த விதமும் ஒருமுறை போனால் போனதுதான். ஆகவே முதலில் சேகரிப்பு, எழுத்து பிறகு.

அவர் இன்னும் உயிரோடிருந்தால் வேலை பாதி சுலபம். "உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள் ஐயா" என்று மட்டும் தொடங்காதீர்கள். பல மேடைகளில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதைதான் வரும். அவருடைய பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து கையில் கொடுங்கள். "இந்த வரியை ஏன் அடித்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

வீட்டைக் காலி செய்வதற்கு முன்

மரணத்துக்குப் பின் வரும் சில வாரங்களில்தான் அதிகம் தொலைகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள், குறிப்பேடுகள் பழைய பேப்பரோடு போகும், வேதாகமம் ஒரு பிள்ளை வீட்டுக்கும் கேசட் பெட்டி இன்னொரு பிள்ளை வீட்டுக்கும் போகும். குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசி, எதையும் எடுப்பதற்கு முன் அலமாரியையும் மேசையையும் இருந்தபடியே படம் எடுத்துவிடுங்கள். எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எந்தக் குறிப்பேடு இருந்தது என்பதே பிறகு தேதி கண்டுபிடிக்க உதவும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று அடுக்கை மாற்றுகிறவர், நல்லெண்ணத்தோடு தடயத்தை அழிக்கிறார்.

அவர் பயன்படுத்திய வேதாகமத்தை உதறக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் செருகியிருக்கும் துண்டுச் சீட்டை அது இருக்கும் இடத்திலேயே வைத்து ஒரு படம், எடுத்த பின் இருபுறமும் ஒவ்வொரு படம். சீட்டின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அதிகாரமும் வசனமும் குறித்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் அகற்றிவிடலாம். காய்ந்துபோன செல்லோடேப்பை மட்டும் இழுக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது.

பிரசங்கக் குறிப்பேடுகளில் கவனிக்க வேண்டியது பக்கத்தின் மேல் மூலை. பல பிரசங்கியார்கள் அங்கே சிறு எழுத்தில் ஊர்ப் பெயரையும் தேதியையும் வரிசையாகக் குறித்திருப்பார்கள். அந்தப் பிரசங்கத்தை எங்கெங்கே மறுபடி கொடுத்தார் என்பதன் கணக்கு அது. ஒரே பக்கத்தில் நீல மை, கறுப்பு மை, பிறகு சிவப்பு அடிக்கோடு என்று இருந்தால், ஒவ்வொரு மையும் ஒவ்வொரு முறை திருத்தியதைக் காட்டக்கூடும். இத்தகைய பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். வண்ணத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பென்சில் குறிப்பு மங்கலாக இருந்தால் 600.

கேசட்டுகள்

பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

முதல் வேலை, அழிந்துவிடாமல் பூட்டுவது. கேசட்டின் ஒரு பக்கத்தை உங்களைப் பார்க்க, நாடா தெரியும் விளிம்பு கீழே இருக்கும்படி பிடித்தால், மேல் விளிம்பின் இடது மூலையில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு அந்தப் பக்கத்துக்குரியது. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின்மேல் யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது. இரண்டு பக்கத்துக்கும் உடைத்துவிடுங்கள்.

அடுத்து, சன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுற்றின்மேல் வெள்ளைப் பொடிபோல் தெரிந்தால் அது பூஞ்சை. அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளேயருக்குள் பரவி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தனி உறையில் போட்டு, இதைச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றைக்கூட உடனே பிளே போடாமல், ஒரு முறை முழுதும் முன்னோக்கிச் சுற்றி, பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடா ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருக்கும். அப்படியே ஓட்டினால் சத்தம் ஆடும், சில சமயம் சிக்கிக்கொள்ளும். கேசட்டின்மேல் இருக்கும் எண் மொத்த நிமிடத்தைச் சொல்லும்: சி-60 பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 பக்கத்துக்கு 45. சி-120 நாடா மிக மெல்லியது. அதை வேகமாகச் சுற்றவே கூடாது, பிளே போட்டு மெதுவாக ஓடவிடுங்கள்.

சில கேசட்டுக்கு ஒருமுறை, பிளேயரில் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பஞ்சில் காப்பி நிறத்தில் படிவது நாடாவின் காந்தப் பூச்சு. அது ஹெட்டில் சேரச் சேரக் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். துடைத்த பின்னும் மங்கலாக இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு ஃபெல்ட் துண்டு விழுந்திருக்கலாம். அப்போது திருகாணி உள்ள வேறு கூட்டுக்குள் நாடாவை மாற்ற வேண்டும். அல்லது பதிவு செய்த மெஷினின் ஹெட் கோணமும் உங்கள் மெஷினின் கோணமும் வேறாக இருக்கலாம். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை மிக லேசாகத் திருப்பி, "ஸ", "ச" ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிவான பிரசங்கங்களுக்குப் பெரும்பாலும் டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) கிடையாது. அந்தப் பொத்தானை அணைத்தே வையுங்கள்.

கணினிக்குள் எடுக்கும்போது மைக் வழியாக வேண்டாம், லைன் இன் அல்லது யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக எடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி வரும். உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கியார் மெதுவாகத் தொடங்கி 30-ஆம் நிமிடத்தில் குரலை உயர்த்துவார். தொடக்கத்தைக் கேட்டு அளவு வைத்தால் உச்சத்தில் குரல் கிழியும், கிழிந்ததைச் சரிசெய்ய முடியாது. ஆகவே நடுவிலும் முடிவிலும் கேட்டுப் பார்த்துவிட்டு அளவை வையுங்கள்.

இரைச்சல் நீக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மூலக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள், நகலில் மட்டும் செய்யுங்கள், அதையும் குறைவாக. அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகி, வாக்கியக் கடைசியில் வரும் மெய்யெழுத்துகள் விழுங்கப்படும். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. "செய்தார்" என்பதா "செய்தான்" என்பதா என்று தெரியாமல் போனால் எழுத்தாக்குகிறவர் பாடு திண்டாட்டம்.

குரல் போகப் போகக் கீச்சென்று உயர்ந்துகொண்டே போகிறதா? பதிவின்போது பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கும். அன்று மோட்டார் மெதுவாக ஓடியதால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது வேகமாகக் கேட்கிறது. பின்னணியில் மின்சார ஹம் (மின்சாரத்தால் வரும் ரீங்காரம்) இருந்தால் அதை அளவுகோலாக வைத்து வேகத்தைத் திருத்தலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஹம் 50-லும் 100-லும் நிற்க வேண்டும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 60-லும் 120-லும். ஆனால் பேட்டரியில் ஓடிய மெஷினில் இந்த ஹம் ஒலிபெருக்கியிலிருந்து வந்திருந்தால்தான் உண்டு. இல்லையென்றால், கூடவே பதிவான பாட்டில் கீபோர்டின் சுருதியைப் பிடித்துத் திருத்துங்கள்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். பகிர்வதற்கு எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ் போதும், மணிக்கு 29 எம்பிதான். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கட்டும்: 1987-08-16-யோவான்-15-பக்கம்-1. தேதி தெரியாததற்கு 0000 என்று தொடங்குங்கள், ஊகித்த தேதியைப் போடாதீர்கள்.

தேதி கண்டுபிடிப்பது

கேசட் உறையில் "ஞாயிறு, 16 ஆக." என்று மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது. ஒரே தேதி அதே கிழமையில் 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் பொதுவாகத் திரும்ப வரும். ஆகஸ்ட் 16 ஞாயிறாக வந்தது 1981, 1987, 1992, 1998. அவர் எந்த ஆண்டு எந்தச் சபையில் இருந்தார் என்ற பட்டியலோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

பண்டிகை நாள் இதைவிடக் கூர்மை. "ஈஸ்டர், ஏப்ரல் 19" என்று இருந்தால், 1980 முதல் 1999 வரையிலான இருபது ஆண்டில் அது 1981, 1987, 1992 ஆகிய மூன்றில்தான் பொருந்தும். "ஈஸ்டர், மார்ச் 26" என்றால் அதே காலத்தில் 1989 மட்டுமே. கிழமையும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால், உறையில் எழுதியது பிறகு யாரோ நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம், அல்லது பழைய கேசட்டின்மேல் புதிது பதிவாகியிருக்கலாம். இரண்டாவது அடிக்கடி நடக்கும். பிரசங்கம் முடிந்து சில விநாடி மௌனத்துக்குப் பின் வேறொரு கூட்டத்தின் வால் கேட்டால் அதுதான் விஷயம்.

வாழ்க்கைக் குறிப்பில் அடிக்கடி தவறுவது இரண்டு தேதிகள். பிறந்த நாள்: பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொன்று இருக்கும். பிறப்புக்கு அருகில் எழுதப்பட்ட பதிவேட்டையே நம்புங்கள், மற்றதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். அடுத்தது அருட்பொழிவு. டீக்கன் ஆன நாளையும் முழுக் குருப்பட்டம் பெற்ற நாளையும் குடும்பத்தார் ஒன்றாகக் கலந்து சொல்வார்கள். சபை ஆவணத்தில் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

பேச்சை எழுத்தாக்குவது

ஒரு மணி நேர ஒலியை எழுத 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். மொழிபெயர்ப்பாளரோடு பேசிய கூட்டம் என்றால் அவருடைய சொந்தப் பேச்சு பாதி நேரமே, ஆனால் வாக்கியம் துண்டு துண்டாக இருக்கும். தானாக எழுதித் தரும் மென்பொருளைத் தொடக்க வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். வேதப் பெயர்களிலும் பழைய வேதாகமத் தமிழிலும் அது தடுமாறும், கேட்காத சொல்லைத் தானே இட்டு நிரப்பியும் விடும். ஆகவே ஒலியோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தே தீர வேண்டும். புரியாத இடத்தில் [தெளிவில்லை 23:40] என்று நேரத்தோடு குறியுங்கள்.

முதல் படி, கேட்டதைக் கேட்டபடியே எழுதுவது. இரண்டாவது, படிப்பதற்கான பிரதி. இரண்டையும் ஒரே கோப்பில் செய்தால் முதலாவது காணாமல் போகும். படிப்பதற்கான பிரதியில்தான் ரசனை வேண்டும். யோவான் 21 பற்றி ஒருவர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பேதுரு என்ன பண்றாரு? மறுபடி வலையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. பழைய வேல. பழைய படகு. ஆனா அந்தப் படகுல இப்ப மீன் இல்ல."

பத்திரிகை நடையில் ஒருவர் இதை, "பேதுரு தமது முந்தைய தொழிலுக்குத் திரும்பினார், ஆயினும் மீன்கள் கிடைக்கப்பெறவில்லை" என்று மாற்றுவார். பொருள் இருக்கிறது, பேசியவர் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: "பேதுரு என்ன செய்கிறார்? மறுபடி வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பழைய வேலை. பழைய படகு. ஆனால் அந்தப் படகில் இப்போது மீன் இல்லை." எழுத்துதான் மாறுகிறது. கேள்வியும் குட்டை வாக்கியமும் நின்ற இடமும் அப்படியே. "அல்லேலூயா", "கவனிக்கிறீங்களா" போன்றவை ஒவ்வொரு நிமிடமும் வந்தால் பலவற்றை எடுத்துவிட்டுச் சிலவற்றை விடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் யார் பேசியது என்றே தெரியாது.

வசனங்களில் கை வைக்கும் முன் யோசியுங்கள். மூத்த புராட்டஸ்டண்ட் பிரசங்கியார்கள் பெரும்பாலும் பழைய திருப்புதலையே (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை) மனப்பாடமாகச் சொல்வார்கள், அதிலும் ஓரிரு சொல் மாறியிருக்கும். அதைப் புதிய மொழிபெயர்ப்பில் மாற்றினால், அவர் ஐந்து நிமிடம் விளக்கிய சொல்லே வசனத்தில் இல்லாமல் போகும். அவர் சொன்னபடி விட்டு, கீழே ஆதாரம் கொடுங்கள். கத்தோலிக்க மறைபோதகர் என்றால் இன்னொன்று: பழைய குறிப்புகளில் சங்கீத எண் ஒன்று குறைவாக இருக்கலாம், இன்று 23 என்று எண்ணும் "ஆண்டவர் என் ஆயர்" அங்கே 22. பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

மேடையில் சொன்ன கதைகள் எல்லாம் அவர் வாழ்வில் நடந்தவை அல்ல. "ஒரு ஊரில் ஒரு மனிதர்" என்று தொடங்கும் உதாரணக் கதை, பல பிரசங்கியார் வாயில் உலவுவது. இரண்டாவது ஆதாரம் கிடைக்காமல் அதை வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தால், விவரம் தெரிந்த வாசகர் மற்றப் பக்கங்களையும் சந்தேகிப்பார்.

யாரிடம், எப்படிக் கேட்பது

மேடையில் உட்கார்ந்தவர்களிடம் கடைசியாகப் போங்கள். அவருடைய மொழிபெயர்ப்பாளர், கூட்டங்களுக்கு அழைத்துப் போன ஓட்டுநர், ஆலயப் பணியாளர், அவருக்குக் கீழே முதல் வருடம் வேலை செய்த உதவி ஊழியர், அவரோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்து போனவர்: இவர்களிடம்தான் விவரம் இருக்கும். மனைவியிடம் தனியாகப் பேசுங்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

"ஐயா எப்படிப்பட்டவர்?" என்ற கேள்விக்கு "தேவ மனுஷர்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: உங்கள் பிரசங்கம் முடிந்து கீழே இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன? எதைச் சொல்லக் கூடாது என்றார்? அவருக்குக் கோபம் வந்தால் எப்படித் தெரியும்? காணிக்கைக் கணக்கை யாரிடம் காட்டச் சொன்னார்? நீங்கள் கேட்டும் அவர் மறுத்தது என்ன? ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துக் கொடுக்காதீர்கள். போனை விமானப் பயன்முறையில் ஒரு கை தூரத்தில், மெத்தென்ற துணியின்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் இழுத்தால் வயதானவர்கள் களைத்து, கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

வெளியிடக் கூடாதவை

ஜெபக் குறிப்பேட்டைப் படியெடுத்து வெளியிடாதீர்கள். அதில் மற்றவர்களின் நோய், கடன், குடும்பச் சண்டை, அறிக்கையிட்ட பாவம் எல்லாம் பெயரோடு இருக்கும். அவரை நம்பிச் சொன்னவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தின் படம்கூட, பெயர்கள் படிக்கும்படி இருந்தால், வேண்டாம்.

கடிதத்தின் தாள் பெற்றவருடையது, எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடைய வாரிசுகளுக்கு. பிரசங்கமும் அப்படியே. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி எழுதியவர் இறந்த பின் குறைந்தது 50 ஆண்டு உரிமை உண்டு. பல நாடுகளில் 60 அல்லது 70. வாரிசுகள் அனைவரிடமும் ஒரு பக்க அனுமதிக் கடிதம் வாங்குங்கள், அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பிட்டு. வாய்மொழிச் சம்மதம் இரண்டாம் பதிப்பில் சண்டையாகும்.

சேகரிக்கும்போது, அவரால் தனக்குத் தீங்கு நேர்ந்தது என்று ஒருவர் சொன்னால் மலர் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். சொல்பவரைக் கேளுங்கள், சபையில் அதற்குப் பொறுப்பானவரிடமும், தேவையானால் சட்டத்திடமும் கொண்டு போங்கள். மலர் தாமதமாகலாம், வராமலே போகலாம்.

கட்டுரை, பேச்சு, அச்சு

ஒரு கட்டுரைக்கு ஒரு செயல் போதும். 800 முதல் 1,200 சொல். மாணவர் எழுதும் கட்டுரை எளிதில் மாணவரைப் பற்றியதாகிவிடும். "நான்" வரும் வாக்கியங்களை எண்ணிப் பார்த்து, அவர் செய்ததைக் காட்டாதவற்றை வெட்டுங்கள். குறைகளையும் செயலாகவே எழுதலாம்: கூட்டத்தை எப்போதும் நேரம் கடந்தே முடிப்பார் என்பது குற்றச்சாட்டல்ல, படிக்கிறவர் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் இடம். அடைமொழிகளை முதலில் ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டுப் பிறகு சபையார் அழைத்தபடி "ஐயா" என்றோ "அண்ணன்" என்றோ தொடருங்கள். கட்டுரைக்குக் கட்டுரை மாறாமல் பார்ப்பது தொகுப்பாளர் வேலை. "ஆயிரக்கணக்கானோர் இரட்சிக்கப்பட்டார்கள்", "இப்பகுதியின் முதல்" போன்றவற்றுக்கு ஆதாரம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

நினைவு ஆராதனையில் பேசுவதென்றால் 5 நிமிடம், எழுதி வைத்த 500 சொல். அவருடைய ஒலியில் இரண்டு நிமிடம் போடப் போகிறீர்களா? அந்த ஒலிபெருக்கியிலேயே முன்னதாகப் போட்டுப் பாருங்கள். ஹெட்ஃபோனில் தெளிவாக இருந்தது பெரிய அரங்கத்தில் எதிரொலித்துக் குழம்பும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அச்சில் 10 செ.மீ. அகலம் வர ஏறக்குறைய 1,200 பிக்சல் வேண்டும். குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர்கள், தெரியாதவருக்கு "பெயர் தெரியவில்லை". நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 46 பக்கம் தயாரானால் 48 ஆக்குங்கள், அல்லது இரண்டு பக்கம் வெட்டி 44.

பழைய பிரசங்கங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பின் மூன்றைத் தேடிப் பாருங்கள்: "ர" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால், "கௌ" இருக்க வேண்டிய இடத்தில் "கெள", உடைந்துபோன "க்ஷ", "ஸ்ரீ". பிழை திருத்துபவர் இருவர் இருக்கட்டும்: ஒருவர் மொழிக்கு, ஒருவர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆதார எண்களுக்கு மட்டும். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் எண்கள்தான் தவறும்.

மலர் வந்த பின் மூலங்களை வீசிவிடாதீர்கள். கேசட்டுகளைப் பின்னோக்கி முழுதும் சுற்றி, நூலகப் புத்தகம்போல் செங்குத்தாக, வெயிலும் ஈரமும் ஒலிபெருக்கியும் இல்லாத இடத்தில் வையுங்கள். பட்டியல், ஒலிக் கோப்புகள், அனுமதிக் கடிதங்களின் நகல் ஆகியவற்றோடு ஒரு தொகுதியை இறையியல் கல்லூரி நூலகத்துக்கோ திருச்சபை ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம், எந்தப் பெட்டி எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பெட்டியை ஒப்படையுங்கள்.